ரோட் கிங்கின் வெள்ளை டயர்: வாங்கிய கதையும் தேய்க்கும் முறையும்

போன ஞாயிறு காலை முழுக்க கராஜ் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வண்டியின் முன் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு இடத்தில் தாரைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள், அரை மைல் தூரத்துக்கு மழையில் ஊறிய வெறும் மண். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் சார்லட்டைச் சுற்றியுள்ள மண் நம் புதுக்கோட்டைச் செம்மண் போலவே செக்கச்செவேல் என்று இருக்கும். பார்க்க எனக்குப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை ஓடும் ஒயிட்வால் டயரில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் வெள்ளை வேட்டியில் பட்ட சாயம் மாதிரிதான், லேசில் போகாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு விரல் அகல வெள்ளைப் பட்டை முழுக்கக் காவி நிறம்.

வண்டி ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள், 2005 ரோட் கிங் கிளாசிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் கையாக வாங்கியது. தோல் பைகள், ஸ்போக் சக்கரம், அகலமான வெள்ளைப் பட்டை டயர், இவை மூன்றும் சேர்ந்ததுதான் அந்த வண்டியின் அழகு என்பது என் தீர்மானமான எண்ணம். முந்தைய சொந்தக்காரர் செலவு குறைவு என்று பின்பக்கம் கறுப்பு டயர் போட்டு வைத்திருந்தார். முன்னால் வெள்ளை, பின்னால் கறுப்பு. வாங்கிய அன்றே இதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன், ஆனால் சரியான டயரைக் கண்டுபிடித்துப் போட்டு, அதை வெள்ளையாகவே வைத்திருக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த வெள்ளை பெயின்ட் இல்லை. நிறையப் பேர் அதைப் பெயின்ட் என்றே நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டயரின் பக்கச் சுவருக்குள் வெள்ளை ரப்பரை ஒரு அடுக்காக வைத்து, அதன் மேல் மெல்லிய கறுப்பு ரப்பரை மூடி வார்த்து, கடைசியில் மேலே இருக்கும் கறுப்பை வட்டமாகத் தேய்த்து எடுப்பார்கள், உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். பள்ளிக்கூடத்தில் கான்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தடவிக்கொண்டு போவோம் இல்லையா, அழுக்கு அப்படியே இருக்கும், மேலே வெள்ளை பூசியிருக்கும். இது அதற்கு நேர் எதிர். மேலே எதுவும் பூச முடியாது, பூசக் கூடாது. படிந்ததை எடுத்தால் போதும், வெள்ளை உள்ளேதான் இருக்கிறது. இது புரிந்த பிறகுதான் தேர்ந்தெடுப்பது, தேய்ப்பது இரண்டுமே எனக்கு ஒழுங்காக வந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், வெள்ளைதான் முதலில் வந்தது. சார்லட்டிலிருந்து மேற்கே மலைப்பக்கம் போனால் மேகி வேலி என்று ஒரு சின்ன ஊர், அங்கே 'வீல்ஸ் த்ரூ டைம்' என்ற பழைய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு முறையாவது போயே ஆக வேண்டிய இடம். அங்கே நூறு வருஷத்துக்கு முந்தைய பந்தய வண்டிகளின் முன்னால் நின்று பார்த்தால் டயர் முழுக்கவே வெளிறிய வெள்ளை. ரப்பர் பாலின் இயல்பான நிறமே வெளிர்தான், அதில் துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் இன்னும் வெள்ளையாகிவிடும், அந்தக் காலத்து டயர் அப்படித்தான் வந்தது. 1910களில் கார்பன் கரியைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு தேய்மானம் தாங்கும் என்று தெரிந்து டயர் கறுப்பாகத் தொடங்கியது. குட்ரிச் டயர் கம்பெனிக்கு அந்தக் கரியை விற்றது பின்னி அண்ட் ஸ்மித், நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கிரயோலா கிரேயான் செய்த அதே நிறுவனம். கரி சேர்ந்த ரப்பர் தரையில் உருளும் பகுதிக்கு மட்டும் போதும் என்று பக்கச் சுவரை வெள்ளையாகவே விட்ட காலம் ஒன்று இருந்தது. அப்புறம் முழுக் கறுப்பு டயர் சாதாரணமாகிப்போனதும், பக்கம் மட்டும் வெள்ளையாக இருப்பது பணக்காரக் கார்களின் அடையாளம் ஆகிவிட்டது. ஹார்லியின் பெரிய வண்டிகளில், 1949 ஹைட்ரா கிளைட், 1958 டுவோ கிளைட், 1965 எலெக்ட்ரா கிளைட் என்று வரிசையாக யோசித்தாலே கண்ணுக்குள் வெள்ளை வளையம்தான் வருகிறது. அந்த ஞாபகத்தை ஹார்லியும் விடவில்லை. 2021ல் வந்த எலெக்ட்ரா கிளைட் ரிவைவல், 2023ல் வந்த ஹைவே கிங், இரண்டுமே அறுபதுகளின் கடைசியில் வந்த வண்டிகளை நினைத்துச் செய்தவை, இரண்டிலும் ஒயிட்வால்தான்.

சரி, வாங்குவதற்கு வருகிறேன்.

என் வண்டியில் இருக்கும் டயரின் அளவு எம்டி90பி16. எம் என்றால் மோட்டார் சைக்கிள், டி என்பது அகலத்துக்கான குறியீடு, கிட்டத்தட்ட 130 மில்லிமீட்டர். 90 என்பது அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. பி என்றால் பெல்ட் அடுக்கு வைத்த பயஸ் டயர் (உள் இழைகள் குறுக்காக ஓடும் வகை), 16 ரிம்மின் அங்குலம். வேறு கம்பெனிகள் இதே அளவை 130/90-16 என்று எழுதுவார்கள். 2009ல் ஹார்லியின் டூரிங் வண்டிகளின், அதாவது நெடும்பயண வண்டிகளின், சேஸிஸ் மாறியது, அதற்குப் பிந்தைய ரோட் கிங்குக்குப் பின் டயர் 180/65 அளவுக்குப் போய்விட்டது, அதனால் 'ரோட் கிங் டயர்' என்று மட்டும் தேடி ஆர்டர் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷத்து வண்டி என்று பார்த்து வாங்குங்கள்.

அளவுக்கு அடுத்தது பாரம். டூரிங் வண்டி 300 கிலோவுக்கு மேல், நான், பின்னால் மனைவி, இரண்டு பையிலும் நான்கு நாள் துணிமணி. டயரில் 72எச், 74எச் என்று இருக்கும் எண்ணைப் பார்க்காமல் வெள்ளை அழகாக இருக்கிறதே என்று வாங்குவது பெரிய தப்பு. 72 என்றால் அந்த டயர் 355 கிலோ தாங்கும், 74 என்றால் 375 கிலோ, எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை. பழைய கார்களுக்கும் கண்காட்சி வண்டிகளுக்கும் வரும் அகலப் பட்டை டயர்களில் மனதைப் பறிகொடுக்கிறவர்கள் உண்டு, டென்னசி சட்டநூகாவில் இருக்கும் கோக்கர் டயர் அந்த மாதிரிப் பழைய பாணி டயர்களுக்கே பேர் போனது, எனக்கும் ஆசைதான். ஆனால் வருஷத்துக்கு ஆறாயிரம் மைல் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நான் போடுவது டூரிங்குக்கென்றே செய்த டயர்தான். டன்லப் டி402, ஏவான் கோப்ரா, மெட்ஸலர் 888, ஷிங்கோ 777 இவை எல்லாவற்றிலும் ஒயிட்வால் வந்திருக்கிறது. நான் டி402ல் நிலைத்துவிட்டேன், என் வண்டிக்குத் தொழிற்சாலையிலிருந்தே வந்தது அதுதான் என்பது ஒரு காரணம், மழையில் அதன் குணம் எனக்குப் பழகிவிட்டது என்பது இன்னொன்று.

கம்பெனியைக் கலக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை பின் டயரை மட்டும் மாற்றும்போது முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்று போட்டேன், இரண்டுமே ஒயிட்வால்தானே என்று. வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பின்னால் பட்டை அரை விரல் ஒல்லி, அது மட்டும் இல்லை, ஒரு வெள்ளை பால் வெள்ளை, இன்னொன்று லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை. ஓட்டுவதிலும் வித்தியாசம் தெரிந்தது, வளைவில் சாய்க்கும்போது முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் விழுந்தது. ஜோடியாக ஒரே மாடல் போட்டதும் அது போய்விட்டது.

இன்னொரு முறை இணையத்தில் ஒரு கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். பெட்டி வந்தது, பிரித்தேன், வெள்ளைப் பட்டையின் மேல் வழக்கமான நீலப் பூச்சு இருந்தது, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் கழுவிப் பார்த்தால் உள்ளே பழைய பத்திரிகைத் தாள் மாதிரி மஞ்சள். அப்புறம்தான் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்கு அடுத்துள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நான்கு வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த டயர். திருப்பி அனுப்பினேன், அனுப்புகிற செலவு என் தலையில். இப்போதெல்லாம் ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்த நான்கு இலக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். ரப்பர் சும்மா இருந்தாலும் வயதாகும், கறுப்பு டயரில் அது கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும்.

மாட்டுகிற இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டயரை ரிம்மில் ஏற்றும் மெஷின் வெள்ளைப் பட்டையில் உரசினால் கறுப்புக் கோடு விழும், சில சமயம் சின்னச் செதிலாகவே பெயர்ந்துவிடும், அதை ஒன்றும் செய்ய முடியாது. நான் இப்போது போகும் மெக்கானிக் லிவருக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு கொடுத்துக் கையாலேயே ஏற்றுகிறார், கூட அரை மணி நேரம் ஆகும், அதற்கு அவர் கேட்கும் காசை முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன். ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே ட்யூப் உண்டு. ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் ட்யூபையும் ஸ்போக் தலைகளை மூடும் ரிம் பட்டையையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய ட்யூப் மடிப்பு விழுந்து நெடுஞ்சாலையில் காற்று இறங்கினால் சட்டென்று இறங்கும், அதில் மிச்சம் பிடிக்கும் இருபது டாலருக்கு அர்த்தமே இல்லை.

இனி சுத்தம் செய்வது. இதைப் பற்றி என்னால் நாள் முழுக்கப் பேச முடியும்.

புது டயரின் நீலப் பூச்சை ஓட்டுவதற்கு முன்னாலேயே கழுவிவிட வேண்டும். அது வெள்ளையைக் கிடங்கில் அழுக்குப் படாமல் காக்கப் பூசியது, வெயிலில் ஓட்டிச் சூடேறினால் பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான நைலான் பிரஷ், அவ்வளவுதான். நனைத்து இரண்டு நிமிஷம் விட்டால் நீலம் பால் திரிந்த மாதிரி இளகி வழியும், பிரஷ் வைத்ததும் அடியிலிருந்து வெள்ளை எழும்பி வரும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். புது டயரில் முதல் நூறு மைல் பிடிமானம் குறைவாக இருக்கும், வளைவில் நிதானமாகப் போங்கள்.

அப்புறம் வாராந்திரக் குளியல். வண்டி நிழலில் இருக்க வேண்டும், டயர் ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நிறுத்தித் தேய்த்தால் சோப்பு காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் குழாய்த் தண்ணீரால் மண்ணை இளக்குங்கள், செம்மண்ணைத் துணியால் காய்ந்தபடியே துடைத்தால் வெள்ளைக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள் என்று அர்த்தம். நனைத்து, இளகவிட்டு, சோப்பு பிரஷ் போட்டு, கழுவி, அதற்குப் பிறகும் நிற்கும் கறைக்கு மெலமைன் ஸ்பாஞ்ச். சுவரில் பென்சில் கறை எடுக்க விற்பார்களே, அந்த வெள்ளைக் கட்டி. பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் அது மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், ரப்பரின் மேல் தோலை இம்மியளவு எடுக்கும். போன ஞாயிறு அந்தக் காவி நிறம் போனது இதில்தான். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கட்டி கரைந்தது, ஸ்பாஞ்ச் ஆரஞ்சு நிறமாகி உதிர உதிர அடியில் பட்டை வெளுத்துக்கொண்டே வந்தது. முழுச் சக்கரத்துக்கு ஏழெட்டுக் கட்டி.

ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் படியுங்கள். சக்கரத்தைச் சுற்றித் தேய்ப்பதற்காக வண்டியை ஜாக்கில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணி பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். துணி ஸ்போக்கில் சிக்கினால் விரல் போய்விடும். இடது பக்கம் சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் வேறு இருக்கிறது. பாதி தேய்த்துவிட்டு வண்டியை அரைச் சுற்று தள்ளினால் மீதிப் பாதி வந்துவிடும்.

பழுப்பு என்பது வேறு விஷயம். மண் வெளியிலிருந்து வருவது, பழுப்பு உள்ளேயிருந்து வருவது. ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்காமல் இருக்க ஒரு ரசாயனம் கலப்பார்கள், 6பிபிடி என்று பெயர், அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஓசோனோடு சேர்ந்து பழுப்பாகும். கறுப்புப் பகுதியில் நாட்பட்ட டயர் மங்கிப் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். அது வெள்ளைக்குள் கசியாமல் இருக்கத்தான் தயாரிப்பாளர்கள் கறை படாத கலவையில் வெள்ளையைச் செய்கிறார்கள். அதை நாமே கெடுக்கிறோம், எப்படி என்றால் டயருக்குப் பளபளப்பு ஏற்ற விற்கும் அந்த ஸ்ப்ரேக்களால். பெட்ரோலியக் கரைப்பான் கலந்தவை ரப்பருக்குள் இருப்பதையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டு வரும். முதல் வருஷம் ஒரு தீபாவளிச் சந்திப்புக்கு வண்டியில் போக வேண்டும் என்று கறுப்பு பளபளக்க அடித்தேன், அன்று அருமையாக இருந்தது, மூன்றாவது வாரம் வெள்ளைப் பட்டை முழுக்கத் தேநீர் நிறம். இதைவிடப் பெரிய விஷயம், மோட்டார் சைக்கிள் டயரில் அது வழிந்து உருளும் பகுதிக்கு வந்தால் வளைவில் வழுக்கிவிடும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் வண்டி நிற்காது. அதற்குப் பிறகு அந்த டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

அந்தத் தேநீர் நிறத்தை எடுக்கத்தான் ப்ளீச் ஒயிட் என்ற திரவத்தை முதலில் வாங்கினேன். அமெரிக்காவில் ஒயிட்வால் வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர், முன்பு வெஸ்ட்லீஸ் என்ற பெயரோடு வந்தது. வேலை செய்யும், ஆனால் காரம். கையுறை போட்டுக்கொண்டு, பிரஷ்ஷில் ஊற்றித்தான் தடவுவேன், நேராகச் சக்கரத்தில் அடிக்க மாட்டேன், குரோம் ஸ்போக்கிலும் பெயின்ட்டிலும் தெறித்தால் கறை விழும். ஒரு அடி நீளம் தடவி, பத்து எண்ணித் தேய்த்து, உடனே தண்ணீர். காயவே விடக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நான் எடுப்பதில்லை.

உப்புத்தாள் கடைசிக் கை. நடைபாதை ஓரக் கல்லில் உரசிய கறுப்புத் தழும்புக்கு மட்டும் 400 நம்பர் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்பு நுரையோடு, பட்டை ஓடும் திசையிலேயே மெதுவாக இழுப்பேன். பிறகு 600. வெள்ளை அடுக்கு ஒன்றும் பெரிய தடிமன் இல்லை, அழுத்தித் தேய்த்தால் ஒரு நாள் அடியிலுள்ள கறுப்பு எட்டிப் பார்க்கும், அதற்கு மருந்து கிடையாது. டயர் பெயின்ட் பேனாவால் அதை மூட முயற்சி செய்ய வேண்டாம், டயர் உருளும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிறது, பெயின்ட் வெடித்து உரிந்துவிடும்.

கழுவி முடித்ததும் காற்று பாருங்கள். முன்னால் 36 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 36, ஆள் ஏறினால் 40. காற்றுக் குறைவாக ஓடினால் பக்கச் சுவர் அதிகம் மடங்கிச் சூடாகும், வெள்ளைப் பட்டையில் முடி இழை போல விரிசல் ஆரம்பிக்கும். என் வண்டியில் வெள்ளையில் அந்த இழை தெரிந்ததால்தான் வால்வு கசிவதையே கண்டுபிடித்தேன். தெருவில் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஈர பிரேக்கையும் காயவைத்துவிட்டு வந்து நிறுத்துங்கள்.

இப்போது பின் டயர் தேயும் அளவுக்கு வந்துவிட்டது, 11,000 மைல் ஓடிவிட்டது, தேய்மான அடையாளம் காடிக்குள் தெரியத் தொடங்கிவிட்டது. நியூயார்க் மாநிலம் பஃபலோ பக்கத்தில் டொனவாண்டாவில் டன்லப் தொழிற்சாலை ஒன்று நூறு வருஷம் போல ஓடியது, ஹார்லிக்கான டயர்கள் அங்கே வார்த்தவை. 2024 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வேலை போயிற்று. செய்தியைப் படித்த அன்று கராஜுக்குப் போய் என் டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தேன், யாரோ ஒருவர் அந்தக் கறுப்பை இவ்வளவு நேர்த்தியாக வட்டம் பிசகாமல் தேய்த்து எடுத்திருக்கிறார் என்று. இரண்டு ஜோடி வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், அது சரி வராது, கிடங்கில் கிடக்கும் வெள்ளைக்கு என்ன ஆகும் என்று முன்பே பார்த்துவிட்டேன்.

அதனால் ஒரு ஜோடி மட்டும், வாரமும் வருஷமும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஆர்டர் போட்டாயிற்று. முன் டயரில் இன்னும் உயிர் இருக்கிறது, ஆனாலும் சேர்த்தே மாற்றுகிறேன். "அப்பா, நீலத்தை நான்தான் கழுவுவேன், நீங்க தொடக் கூடாது" என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். போன முறை நான்காம் வகுப்பு, பழைய பல் பிரஷ்ஷோடு வந்து உட்கார்ந்து எழுத்துகளின் இடுக்கு வரைக்கும் விடாமல் எடுத்தாள். மெக்கானிக் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.